பின்னால் நின்றவனின் சப்பாத்து

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மணி அடித்தால், கதவைத் திறப்பதற்கு முன்னால் மாடி ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் இன்றைக்கு வந்த மீன் என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வேலையிடத்தில் யாராவது காரணமில்லாமல் கேக் கொண்டுவந்தால், இவர் என்ன உதவி கேட்கப் போகிறார் என்று யோசித்துக்கொண்டேதான் சாப்பிடுவேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. ஆனால் இந்தக் குணத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஒரு வேலை லண்டனில் இருந்தது. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றில் நான் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன்.

லண்டனில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. நாங்கள் விளையாடியது கையால் எறிவது. தலைக்கவசம், தோளில் தடித்த காப்பு, முட்டை வடிவப் பந்து. அம்மா கடைசிவரை அதை ரக்பி என்றுதான் சொன்னார். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த கையோடு போன் எடுத்து, "எங்கையாவது முறிஞ்சதோ?" என்று கேட்பார். இல்லை என்றால், "வடிவாப் பாத்தனியோ?" என்று திரும்பவும் கேட்பார். சந்தேகம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

வால்தம்ஸ்டோவில் ஒரு பொது மைதானத்தில் பயிற்சி. ஒரு பக்கம் நாய்களோடு நடப்பவர்கள், மறுபக்கம் நாங்கள். தொடக்கத்தில் தூரமாக எறியத் தெரிந்தால் போதும், குவாட்டர்பேக் ஆகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். எறிவது சின்ன வேலை. எங்கே எறிவது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, அதற்கு எதிரணி எப்படிக் காவல் காக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அந்தக் காவலுக்குக் கவரேஜ் என்று பெயர். பந்து என் கைக்கு வந்த பிறகு யோசிக்க நேரமில்லை, மலை மாதிரி இரண்டு பேர் என்னை விழுத்த ஓடி வருவார்கள். ஆகவே பந்து வருவதற்கு முன்பே, அவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்து ஊகிக்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறவர்களைப் பார்ப்பேன். சேஃப்டி என்பார்கள். எல்லோரையும் தாண்டிப் போகும் பந்தைத் தடுக்க நிறுத்தப்பட்டவர்கள். இரண்டு பேர் அகலமாகப் பிரிந்து நின்றால் அவர்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். ஒருவன் மட்டும் நடுவில் நின்றால் ஓரங்கள் வெறுமையாக இருக்கும். பிறகு, ஆளுக்கு ஆள் காவலா, இடத்துக்குக் காவலா என்று பார்க்க வேண்டும். கலியாண மண்டபத்தில் சில மாமிமார் ஒரு பிள்ளையையே குறிவைத்து, அது எங்கே போனாலும் பின்னால் போவார்கள். சிலர் ஒரு மேசையில் இருந்தபடி அந்தப் பக்கம் வருகிற எல்லோரையும் பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் ஆபத்துதான், ஆனால் தப்பும் வழி வேறு வேறு. எது என்று தெரிய, பந்து கிளம்பும் முன் என் ஆள் ஒருவனை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடவிடுவேன். எதிரணியில் ஒருவன் கூடவே ஓடி வந்தால் அது ஆளுக்குக் காவல். எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டால் அது இடத்துக்குக் காவல்.

இவ்வளவும் பாடம். ஆனால் எதிரணிக்காரர்களுக்கும் இந்தப் பாடம் தெரியும். அதனால் அவர்கள் உடம்பால் பொய் சொல்வார்கள். இரண்டு சேஃப்டிகள் சாதுவாகப் பின்னால் நிற்பார்கள், பந்து கிளம்பிய கணத்தில் ஒருவன் நடுவுக்குப் பாய்ந்து வருவான். இடைவெளி என்று நம்பி எறிந்த பந்து அவன் நெஞ்சில் போய் விழும். எங்கள் அணியில் இதைப் பலர் அலுத்துக்கொண்டே படித்தார்கள். எனக்கு இது தாய்ப்பால் மாதிரி இறங்கியது. சாதுவாக நிற்கிற எவனையும் நான் முன்பும் நம்பியதில்லை.

என் பந்தைப் பிடிப்பவர்களில் முக்கியமானவன் என் தம்பி. பெரியம்மாவின் கடைசி மகன். அவனுக்கு மேலே ஒரு அக்கா, அவள் எனக்கும் அக்கா. ரெய்னர்ஸ் லேனில் வீடு. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்து, காலையில் என்னோடு மைதானத்துக்கு வருவான். காற்று மாதிரி ஓடுவான். எங்களுக்குள் ஒரு தனி ஏற்பாடு இருந்தது. எதிரணியின் காவலைப் பார்த்ததும் கடைசி நிமிடத்தில் ஓட வேண்டிய வழியை மாற்ற வேண்டியிருந்தால், மற்றவர்களுக்கு நான் இலக்கங்களில் கத்துவேன். தம்பிக்கு மட்டும் தமிழில். "மேலை" என்றால் நேரே ஆழமாக ஓடு. "உள்ளை" என்றால் நடுவுக்கு வெட்டு. "வெளியை" என்றால் கரைக்குப் போ. லண்டனில் இதைவிடப் பாதுகாப்பான இரகசிய மொழி கிடையாது என்று எனக்குப் பெருமை. பஸ்ஸில் முன்னால் இருக்கிறவரின் வழுக்கையைப் பற்றித் தமிழில் கதைத்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்; எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான்.

தேம்ஸுக்குத் தெற்கே இருந்து வந்த ஒரு அணியோடு அந்த வசந்தத்தில் முதல் ஆட்டம். அவர்களின் சேஃப்டி ஒருவன், தலைக்கவசத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தான். முகம் தெரியாது. நான் தம்பிக்கு எறிந்த பந்து எல்லாவற்றுக்கும் அவன் முன்பே போய் நின்றான். காவலைச் சரியாகப் பார்த்தேன், சரியான வழியைச் சொன்னேன், சரியான இடத்தில் எறிந்தேன். அங்கே அவன் வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் போல் நின்றான். படுதோல்வி. ஆட்டம் முடிந்து கைகுலுக்க வரிசையில் நிற்காமல் நேரே போய் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

"உன் கண் காட்டிக்கொடுக்கிறது, எறியப்போகிற இடத்தை நீ முன்பே பார்க்கிறாய்" என்றார் பயிற்சியாளர். அவர் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர், எதையும் ஒரே வரியில் முடிப்பவர். நான் ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் கண் எங்கேயும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் எறிந்தபோதும் அந்தக் கறுப்புக் கண்ணாடி ஏமாறவில்லை. ஆகவே யாரோ எங்கள் ஆட்டத்தை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

யார் என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அணியில் இரண்டாவது குவாட்டர்பேக் ஒருவன் இருந்தான். வேல்ஸ் பக்கத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் மாதிரி முகம். நான் எறிகிறவரை அவன் இடது கரையில் ஓடிப் பந்து பிடிப்பான். எனக்கு ஏதாவது ஆனால் என் இடம் அவனுக்கு. பயிற்சிகளை அவன் போனில் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டபோது, "உன் கால் வைப்பைப் பார்த்துப் பழகத்தான்" என்றான். என் காலைப் பார்த்து யார் பழகுவார்கள்? எனக்கே அது பிடிக்காத கால். அன்றிலிருந்து அவன் இருக்கும்போது நான் புதிய வழி எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுக்குப் பந்து எறிவதையும் குறைத்தேன்.

கோடை முடிகிற நேரத்தில் அதே அணியோடு இரண்டாவது ஆட்டம் வந்தது. அதற்கு முந்தின பயிற்சியில் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த ஆட்டத்திலும் எதிரணியிடம் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த பருவத்துக்கு வேல்ஸ்காரன்தான் குவாட்டர்பேக் என்றார். கணக்கு அலுவலகத்தில் வாரம் முழுக்க மற்றவர்கள் சொல்வதற்குத் தலையாட்டுகிறவன் நான். ஞாயிறு மட்டும்தான் நான் சொல்லி மற்றவர்கள் ஓடினார்கள். அதைக் கைவிட எனக்கு மனமில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி மெதுவாகத் தொடங்கினான். "அண்ணை, இந்த முறை தமிழை விடுவமே. எனக்கும் நம்பர் சொல்லுங்கோ."

"ஏன்?"

"சும்மாதான். மாத்திப் பாப்பம்."

"சும்மா ஆர் சொன்னது? அவன் சொன்னவனோ?"

"எவன்?"

"வேல்ஸ்காரன். இலக்கம் எண்டா அவனுக்கும் விளங்குமெல்லோ."

"விசர்க்கதை கதையாதைங்கோ அண்ணை. ஒருத்தரும் சொல்லேல்லை." அவன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டான். பாவம், வெள்ளை மனசு, யாரோ இவனைப் பிடித்து ஆட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தமிழை விடுவதில்லை என்று அப்போதே உறுதி செய்துகொண்டேன்.

அடுத்த நாள் கறுப்புக் கண்ணாடி முதல் பாதியிலேயே தன் வேலையைக் காட்டியது. எதிரில் இரண்டு சேஃப்டிகள் பின்னால், நடுவில் இடைவெளி. "உள்ளை!" என்று கத்தினேன். தம்பி நடுவுக்கு வெட்டினான், நான் எறிந்தேன், கறுப்புக் கண்ணாடிக்காரன் அங்கே நின்று பந்தை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கமாகவே ஓடினான். பயிற்சியாளர் கரையில் நின்று என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். இன்னும் ஒன்று, பிறகு நீ வெளியே என்று அதற்கு அர்த்தம். அவருக்குப் பக்கத்தில் நின்ற வேல்ஸ்காரன் குனிந்து புல்லைப் பார்த்தான். சிரிப்பை மறைக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் பாதியில் நான் எறிவதை விட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடியையே கவனித்தேன். பந்தை ஓடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு அவன் கால்களைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இலக்கம் சொன்னால் அவன் அசையவில்லை. தமிழ் சொன்னால், தம்பி ஓடத் தொடங்கும் முன்பே, அவனுடைய முன்கால் அந்தத் திசைக்குத் திரும்பியது. வேல்ஸ்காரன் எங்கள் வழிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இலக்கத்துக்கும் அவன் கால் திரும்பியிருக்கும். இவன் என் தமிழுக்கு ஓடுகிறான்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. அடுத்த முறை நாங்கள் வரிசையில் நின்றபோது, வழி எதையும் சொல்லாமல், கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

"உன்ரை சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு!"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

முதலில் இடது கால், பிறகு வலது கால். இரண்டு லேஸும் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தன. அவன் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த லண்டனில், இந்த மைதானத்தில், இந்தத் தலைக்கவசத்துக்குள் ஒரு தமிழன்! தம்பியும் சிரிப்பான் என்று திரும்பிப் பார்த்தேன். தம்பி சிரிக்கவில்லை. அவன் அந்த ஆளைப் பார்க்கவுமில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதை யோசிக்க அப்போது நேரமிருக்கவில்லை.

கடைசி நிமிடங்கள். எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு ஒரு முறை கடந்தால் வெற்றி. எதிரணி ஒரே ஒரு சேஃப்டியை நடுவில் ஆழமாக நிறுத்தியது, அது அவன்தான். மற்றவர்கள் ஆளுக்கு ஆள் காவல். என் ஆளை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தாயிற்று. நான் தமிழில் எதைச் சொன்னாலும் அவன் அந்தப் பக்கம் போவான் என்பது இப்போது எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியலாம். ஆனால் காது கேட்டதைக் கால் நம்பாமல் இருப்பது இலேசில்லை. தம்பி வலது கரையில். "மேலை" என்று கத்தினால் தம்பி வலப்பக்கம் ஆழமாக ஓடுவான், சேஃப்டி அவன் பின்னால் போவான், நடு வெறுமையாகும். அந்த வெறுமைக்குள் வரக்கூடிய ஆள் இடது கரையில் நிற்கிறவன் ஒருவன்தான்.

இடது கரையில் நின்றது வேல்ஸ்காரன்.

ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, எல்லோரும் வட்டமாகக் குனிந்து நின்றபோது அவனிடம் சொன்னேன். "நீ ஆழமாகப் போய் நடுவுக்கு வெட்டு. அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அவன் பந்தைத் தட்டிவிட்டாலே போதும். அது எதிரணிக்காரன் எவன் கையிலாவது விழுந்தால் என் கதை முடிந்தது, அடுத்த பருவம் அவனுடையது. இதை அவனும் அறிவான் என்று அவன் முகத்தில் தேடினேன். தலைக்கவசத்தின் கம்பிகளுக்குள் வியர்வை மட்டும்தான் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்து ஒருவனை நம்பியதில்லை. நம்பினேன் என்று சொல்வதும் பொய், எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"மேலை! மேலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பந்து கைக்கு வந்தது. தம்பி வலப்பக்கம் பறந்தான். கறுப்புக் கண்ணாடி ஒரு கணம் தயங்கியது, பிறகு அவன் பின்னாலேயே போனது. நான் இடது பக்கம் திரும்பி, வெறுமையாகக் கிடந்த நடுவுக்குப் பந்தை உயரமாக எறிந்தேன். அதற்குள் ஒருவன் என்னை விழுத்திவிட்டான். புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தவன், எங்கள் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழும்பினேன். வேல்ஸ்காரன் கோட்டுக்கு அப்பால் பந்தைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு கிடந்தான். ஓடி வந்து என் தலைக்கவசத்தில் தட்டினான். "நல்ல பந்து. இந்தக் கால் வைப்பைத்தான் நான் படம் எடுப்பது" என்றான்.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பயிற்சியாளர் வந்து, "அடுத்த வசந்தத்தில் சந்திப்போம், குவாட்டர்பேக்" என்றார். என் இடம் எனக்கே. சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. அப்படியானால் இரகசியம் விற்றவன் என்று ஒருவனே இல்லை. என் வாய்தான் எல்லாவற்றையும் விற்றிருக்கிறது என்று எனக்குள் நானே சிரித்துக்கொண்டேன்.

இந்த முறை கைகுலுக்க வரிசையில் நின்றேன். கறுப்புக் கண்ணாடிக்காரன் தலைக்கவசத்தைக் கழற்றினான். முப்பதைத் தாண்டிய வயது, சிரித்த முகம், சென்னைப் பக்கத்து ஆள். "லேஸ் மேட்டர் சூப்பர், மச்சான். செமையா ஏமாந்துட்டேன்" என்றான்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமா. அமெரிக்கால படிக்கும்போது இந்த கேமைப் பழகினேன். மொத மேட்ச்லயே வந்து பேசலாம்னு பார்த்தேன், நீங்க கார்ல ஏறிப் போயிட்டீங்க."

அதற்குள் என் தம்பி பின்னாலிருந்து வந்தான். மூச்சு வாங்கியபடி, யோசிக்காமல், அந்தச் சென்னைக்காரனின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக் கேட்டான்.

"அத்தான், அதைத் தாங்கோ."

கேட்ட பிறகுதான் தம்பிக்கு நான் அங்கே நிற்பது உறைத்தது. அத்தான் என்றால் அக்காவைக் கட்டப்போகிறவர். எனக்கும் அக்காதானே அவள். அப்படியென்றால் எனக்கும் இவர் அத்தான்.

"எப்ப துவக்கம்?" என்று கேட்டேன். தம்பி தரையைப் பார்த்தான்.

"ஒரு வருஷமாகுது. கண்ணாடி போட்டபடியா முதல் மட்ச்சிலை எனக்கே ஆளைத் தெரியேல்லை. முடிஞ்ச பிறகு கார் பார்க்கிலைதான் கண்டன். அக்கா என்னட்டைச் சத்தியம் வாங்கிட்டா. அதுதான் தமிழை விடுவம் எண்டு உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் கேட்டனீங்களோ?"

அந்த நேரம் போன் அடித்தது. அம்மா.

"எங்கையாவது முறிஞ்சதோ?"

"இல்லை அம்மா. வெண்டிட்டம்." கொஞ்சம் விலகி நின்று, மெதுவாகத்தான் கேட்டேன். "அம்மா, அக்கான்ரை விஷயம் உங்களுக்குத் தெரியுமோ?"

மறுமுனையில் அம்மா ஒரு கணமும் தடுமாறவில்லை. "ஆர், அந்த இந்தியாப் பொடியனோ? போன மாசம் பெரியம்மா வீட்டிலை சாப்பிட வந்தவர். தங்கமான பிள்ளை. நீ பயிற்சிக்குப் போயிருந்தனி."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னா நீ அந்தப் பிள்ளையை நிக்கவைச்சு ஆயிரம் கேள்வி கேப்பாய். அவர் ஓடியே போயிருப்பார். முற்றாகட்டும், பிறகு சொல்லுவம் எண்டு எல்லாருமாத்தான் விட்டது. கோபிக்காதை ராசா."

போனைப் பையில் வைத்தேன். வலித்தது, சொல்லாமல் இருக்க முடியாது. வேல்ஸ்காரனின் போனையும், பயிற்சியாளரின் விரலையும், எதிரணியின் ஒவ்வொரு காலையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன் நான். என் வீட்டுச் சனம் முழுவதும் என்னைச் சுற்றிக் காவல் நின்றதை ஒரு வருஷம் காணவில்லை. என்னுடைய இடம் போகிற நிலை வந்தும் தம்பி வாய் திறக்கவில்லை, ஏனென்றால் திறந்தால் நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

அவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் திரும்பிப் போனேன். அத்தான் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நல்ல கை, பந்து பிடிக்கிற கை.

"எல்லாம் ஓகேயா, மச்சான்?" என்றார்.

"ஓம், ஓகே" என்றேன். கையை விட வேண்டும் என்று தெரிந்தது. விடாமல் கேட்டேன்.

"அமெரிக்காவை விட்டுட்டு ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டான்.